ஏழுமலை போட்டுக்கொண்ட சட்டை

படப்பிடிப்பில் கூட்டம் தானாக அமைதியானால் பயப்படுங்கள். உதவி இயக்குநர்களாக இப்போது வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். லென்ஸைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மானிட்டரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். எங்களுக்கோ, கேமராவுக்குள் என்ன விழுந்தது என்பதே லேபிலிருந்து பெட்டி திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அதனால் அந்தப் பக்கம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் ஊரே வந்து நிற்கும். வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வோம் என்பதால், ஒலிக்காக யாரும் வாயை மூட வேண்டியதில்லை. ஆனால் இயக்குநர் கத்துவது நடிகரின் காதில் விழ வேண்டுமே. அதற்காக ஒருவன் "சைலன்ஸ்! சைலன்ஸ்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். மூன்றாவது உதவி இயக்குநர் என்று பெயர். கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ளுவதும், எந்தக் காட்சியில் யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்று பார்த்துக்கொள்வதும் என் பாடு. சாயங்காலம் ஆனால் எனக்குக் குரலே இருக்காது. சைகையில்தான் டீ கேட்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் ஓர் ஏரிக்கரை ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் வரும் ஊர்க்காரர்கள் இருவரின் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். அவர்களுடைய பிள்ளைகுட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கொலைக் கதை. புதிதாக மாற்றலாகி வரும் போலீஸ் அதிகாரி, பல வருடங்களுக்கு முன்னால் துப்புத் துலங்காமல் மூடப்பட்ட வழக்கு ஒன்றை மறுபடி கையில் எடுக்கிறார். ஊரில் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். கடைசியில் கொலைகாரனை ஊர் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். சண்டை ஒன்றே ஒன்று. எங்கள் இயக்குநர் சென்னையில் ஒரு லாட்ஜ் அறைக்குள் உட்கார்ந்து முழுக்க முழுக்கக் கற்பனையில் எழுதியது.

அவர் எழுதியபடி பிணம் கிடக்க வேண்டியது ஒரு கிணற்றில். இடம் பார்க்க வந்தவர், அந்த ஏரியின் பழைய மதகைப் பார்த்தார். கருங்கல் தூண்கள், மேலே இரும்புத் திருகு, அடியில் தண்ணீர் வந்து விழும் தொட்டி, பின்னால் பனைமரங்கள். "கிணறு வேண்டாம் ராஜா, பிணம் இங்கேதான் கிடக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு நான், டிரைவர், டீக்கடைக்காரர் எல்லோருமே ராஜாதான். நல்ல இடம் ஒன்று கண்ணில் பட்டால் கதையைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே உட்காரவைப்பது சினிமாக்காரர்களின் பிறவிக் குணம். நீங்களும் செய்வீர்கள். செய்யுங்கள், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், அதே மதகுத் தொட்டியில் ஒருவர் நிஜமாகவே பிணமாகக் கிடந்திருக்கிறார். தலையில் வெட்டு. கொஞ்சம் கழனி வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்த மனிதர், யாரோடும் பெரிய பகை கிடையாது. போலீஸ் வந்ததும் முதலில் பிடித்துக்கொண்டு போனது ஏழுமலையை. ஏழுமலை அந்த ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, யார் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுகிற வேலை. பிணம் கிடந்தது மதகடியில், மதகு இருந்தது அவர் பொறுப்பில். போதாததற்கு அவர் காலனிக்காரர். ஊரில் எது நடந்தாலும் முதலில் தட்டப்படும் கதவு அந்தப் பக்கத்துக் கதவுதான். ஸ்டேஷனில் வைத்து அடித்துக் கேட்டார்கள். ஒன்றும் தேறவில்லை, விட்டுவிட்டார்கள். வேறு யாரையும் பிடிக்கவும் இல்லை. வழக்கு அப்படியே மூடப்பட்டது.

ஊர் அதை மூடவில்லை. அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை, ஏனென்றால் அவ்வளவு கழனிக்கும் அடிதடி இல்லாமல் தண்ணீரைப் பிரித்துவிட வேறு ஆள் இல்லை. ஆனால் அவர் டீக்கடைப் பக்கம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் பஸ் நிறுத்தத்திலேயே விஷயத்தைக் கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். இறந்தவரின் மனைவி பச்சையம்மாள் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். தன் கழனிக்கு முறை வந்தால் யாரையாவது விட்டுச் சொல்லி அனுப்புவார். ஏழுமலையும் தண்ணீரைத் திருப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

இந்த ஊருக்குத்தான் நாங்கள் வேனில் வந்து இறங்கினோம். பழைய கொலையைத் தோண்டுகிற கதை. பிணமோ மதகுத் தொட்டியில்.

எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி, ஹீரோ யார், பாட்டு உண்டா என்பதுதான். இங்கே அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஒருவர் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய், "சார், கடைசில ஆரு கொன்னதுன்னு காட்டுவீங்களா?" என்றார்.

"காட்டாம? அதுக்குத்தானே படமே எடுக்கறோம்!" என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைக்குள் இன்னும் பலர் வந்து அதையே கேட்டார்கள். எங்கள் கதை ஊரையே பிடித்து ஆட்டுகிறது என்று இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

அந்த ஊரில் எங்களுக்குக் கடைசி நாள். ஜெனரேட்டர் வண்டி மறுநாள் வேறொரு படத்துக்குப் போயாக வேண்டும். மத்தியானம் பிணக் காட்சியை முடித்தோம். பிணமாக நடித்த நாடக நடிகர் தொட்டியிலிருந்து எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்தவனாக நடித்தவன் எழுந்து சிரிப்பதையும் அதே பிலிமில் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். படத்தில் சேர்க்க மாட்டோம், ஆனால் எடுக்காமல் விடவும் மாட்டோம்.

அந்த ஊரில் பாக்கி இருந்தது ஒரே காட்சி. விடியற்காலையில் கொலைகாரன் கரைமேல் நடந்துபோய், படியிறங்கி, மதகுத் திருகில் கை வைக்கிறான். முகம் தெரியக்கூடாது, முதுகு மட்டும். மாலை வெளிச்சத்தில் எடுத்து விடியற்காலை என்று காட்டிவிடலாம். கொலைகாரனாக நடித்தவர் பட்டணத்து மனிதர். கருவேல முள் குத்தியதும் நொண்டினார். படியில் வழுக்கினார். திருகைப் பிடித்தார், அது அசையவில்லை. சூரியன் எங்களுக்காகக் காத்திருக்குமா?

தயாரிப்பு நிர்வாகி ஓடிப்போய் நீர்க்கட்டியைக் கூட்டிவந்தார். எப்படித் திருகுவது என்று நடிகருக்குக் காட்டிக்கொடுக்கத்தான். "எனக்கு மொற வேல கீது சார், கயனிக்குத் தண்ணி வுடணும்" என்று ஏழுமலை சொல்லிப் பார்த்தார். "அஞ்சே நிமிஷம்" என்றார் நிர்வாகி. சினிமாவில் அஞ்சு நிமிஷம் என்றால் பொழுது சாயும் வரை என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

ஏழுமலை கரைமேல் நடந்தார், இறங்கினார், குனிந்தார், திருகை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மூடிவிட்டு ஏறி வந்தார். இயக்குநர் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த முதுகைப் பாரு ராஜா! நான் எத்தனை பக்கம் எழுதினாலும் இது வருமா? இவரே நடக்கட்டும். சட்டையைக் கொடு" என்றார்.

கொலைகாரனின் சட்டை கருநீலத்தில் கட்டம் போட்டது. நான் அதை எடுத்துக்கொண்டுபோய் ஏழுமலையிடம் நீட்டினேன். அவர் விரலால் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆரு சட்ட சார்?"

"கதையில கொலை பண்றவன் போட்டுக்கறதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கரைமேல் வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பித்தான் போட அவர் கை வரவில்லை. புது ஆள், கூச்சம் என்று நினைத்து நானே போட்டுவிட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. அவ்வளவு நேரம் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. நான் "சைலன்ஸ்" என்று வாயைத் திறக்கவே இல்லை. பனை ஓலை உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. முதல் டேக் எடுத்தோம். இரண்டாவதும் எடுத்தோம். ஒரு இருமல் இல்லை. இயக்குநர் என் முதுகில் தட்டி, "இன்னிக்குத்தான்யா நீ கூட்டத்தை ஒழுங்கா கட்டுப்படுத்தியிருக்கே" என்றார். அந்தப் பாராட்டை நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் ஒன்று எடுத்துவிடலாம் என்று கேமராவை நகர்த்தினார்கள். ஏழுமலை நடக்கத் தொடங்கியதும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் நேராகக் காட்சிக்குள் வந்தார். முழங்கால் வரை சேறு. தோளில் மண்வெட்டி. நான் ஓடினேன்.

"அம்மா, ஷாட் போயிட்டிருக்கு. கொஞ்சம் ஓரமா வாங்க."

"நீ ஓரமா போ" என்றார் அவர்.

பச்சையம்மாள். அன்றைக்குத் தண்ணீர் முறை அவருடையது. வெகுநேரம் வரப்பில் நின்று பார்த்து, தண்ணீர் வராமல், என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஏரிக்கே வந்துவிட்டார். வந்த இடத்தில் ஏழுமலை, நடிகர் மேல் ஊரே பார்த்திருந்த அந்தக் கொலைகாரன் சட்டையில் நின்றுகொண்டிருந்தார், அதே மதகுக்குமேல்.

"ஆருய்யா இங்க பெரிய மன்சன்?"

இயக்குநர் எழுந்து வந்தார். "நான்தாம்மா. சொல்லுங்க."

"இவனுக்கு ஆரு இந்தச் சட்டைய மாட்னது?"

"படத்துக்கும்மா. கொலை பண்ணவன் மதகுக்குப் போற மாதிரி ஒரு காட்சி. அவர் முகம் தெரியாது, முதுகு மட்டும்தான்."

"அவன் முதுகு ஊருக்கே தெரியும். இத்தினி வருசமா எல்லாரும் அதத்தான பாத்துக்கினு கீறோம்."

"அம்மா, இது கதை. சும்மா கற்பனை."

"எம் புருசன் இந்தத் தொட்டியிலதான் கெடந்தாரு. அதும் கற்பனையா?"

இயக்குநர் கையிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. அவர் மெதுவாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அந்த அமைதி எதனால் வந்தது என்று அந்த நிமிடத்தில்தான் அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் புரிந்தது.

நிர்வாகி அந்த அம்மாளைச் சமாதானம் பண்ணி அழைத்துப்போக முன்னால் வந்தார். இயக்குநர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "சினிமாக்காரங்களுக்கே தெரிஞ்சிபோச்சி. இன்னும் இன்னா பேச்சு?"

பச்சையம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"ஆருடா அவன்? முன்னால வந்து சொல்லு." யாரும் வரவில்லை. "அன்னிக்கி அவருக்குச் சோத்த மூடி வெச்சிக்கினு வாசலப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தவ நானு. எனக்கே ஆருன்னு தெரியாது. இவனாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு மொகத்த திருப்பிக்கினு போயிருக்கேன். இவன்தான்னும் எனக்குத் தெரியாது, இவன் இல்லன்னும் எனக்குத் தெரியாது. நேத்து வேன்ல வந்து எறங்குனவங்களுக்கு இன்னா தெரியும்?" அப்புறம் இயக்குநர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சா சொல்லுய்யா. இப்பவே சொல்லு. கேட்டுக்கறேன்."

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். ஒருவேளை இந்த ஆளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு ஆசை அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எங்களுக்கு எதுவுமே தெரியாதும்மா" என்றார் இயக்குநர். ஊருக்கே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார். "இந்த ஊர்ல இப்படி ஒண்ணு நடந்ததுகூட எங்களுக்குத் தெரியாது."

பிறகு ஏழுமலையிடம் போனார். "ஏன்யா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"வோணான்னா, பாத்தியா பயந்துட்டான்னுவாங்க சார். போட்டுக்கினா, பாத்தியா பொருத்தமா கீதுன்னுவாங்க. எப்டியும் ஒண்ணுதான். அதான் போட்டுக்கினேன்."

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவர். பேச்சு முடிந்ததும் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. காட்சி இன்னும் முடியவில்லை. கேமராவுக்குள் இருக்கிற பிலிமில் ஏழுமலையின் முதுகு கொலைகாரனின் முதுகாக இரண்டு தரம் பதிவாகியிருக்கிறது. அது படத்தில் வந்து, உத்திரமேரூர் டூரிங் கொட்டகையில் ஓடினால், அந்த மனிதரின் கதை அன்றோடு முடிந்தது. என்ன செய்வீர்கள்?

நிர்வாகி புத்திசாலி. இயக்குநரின் காதில் சொன்னார்: "சார், லேப்ல அந்தத் துண்டை மட்டும் வெட்டிடலாம். மத்தியானம் எடுத்ததெல்லாம் அதே ரோல்ல இருக்கு." நியாயமான யோசனை. அன்றைக்கு நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நேரம் அது.

"நீ வெட்டுவேன்னு நான் நம்புவேன். இவங்க எதை வெச்சு நம்புவாங்க?" என்றார் இயக்குநர். "நம்ம பெட்டிக்குள்ள அது இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இந்த ஊர் இருக்கணுமா? நாம போனப்புறம் இவர்தானே இங்கே இருக்கப்போறார்?"

ஒளிப்பதிவாளரிடம் பிலிம் பெட்டியைக் கேட்டார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. மத்தியானம் உயிரைக் கொடுத்து எடுத்த பிணக் காட்சிகளும் அதில்தான் இருந்தன. "என் கையால திறக்க மாட்டேன். வேணும்னா நீங்களே திறந்துக்குங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இயக்குநர் கரைமேல், எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்றார். "இதுக்குள்ள இருக்கறது வெளிச்சம் பட்டா செத்துடும். அப்புறம் எந்த சாமி வந்தாலும் இதுல படம் வராது" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து, பிலிமைப் பிடித்து இழுத்தார். சாயங்கால வெயிலில் அது சுருள் சுருளாகக் கரைமேல் விழுந்தது. முன்னால் நின்ற ஒருவர் ஒரு துண்டை எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லியே சார்?"

"இல்லைதான். இனிமேலும் ஒண்ணும் இருக்காது. நல்லா பாருங்க, கை மாத்தி எல்லாரும் பாருங்க."

பார்த்தார்கள். பிலிமை விரித்து வெயிலில் காட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். பச்சையம்மாளும் ஒரு துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். எல்லோரும் மெய்மறந்து நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் பிணம் ஓடிவந்தது. அந்த நாடக நடிகர்தான்.

"சார், சார்! என் சிரிப்பும் அதுலதானே இருந்தது? ஐயோ, நான் பிள்ளைகுட்டிக்காரன் சார்!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை என்று நினைக்கிறேன். அப்புறம் கரை முழுக்கச் சிரிப்பு. பாவம், அவரை வேறோர் ஊரில் மறுபடி தண்ணீரில் படுக்கவைத்து எழுப்பிச் சிரிக்க வைப்பதாக இயக்குநர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஒளிப்பதிவாளர் கேமராவில் வேறொரு பிலிம் பெட்டியை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே, "அந்த முதுகு ஷாட்டுக்கு இப்ப யார் முதுகு?" என்று கேட்டார். யார் வருவார்கள்? அந்தச் சட்டையை இனி அந்த ஊரில் எவன் தொடுவான்? எனக்கும் தைரியமில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

இயக்குநர் என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டார். தொப்பையில் பித்தான் ஏறவில்லை. "பரவாயில்லை, முதுகுதானே" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் நடந்தார். முள் குத்தியது. "யப்பா!" என்று ஒரு காலில் நின்றார். கூட்டம் கத்தியது. படியில் இறங்கினார், வழுக்கி உட்கார்ந்தார். கூட்டம் விசிலடித்தது. எழுந்து திருகைப் பிடித்து முக்கினார்.

"சார், அப்டி இல்ல, எடப்பக்கமா!" என்று கத்தியது ஏழுமலை. "ரெண்டு கையும் போடு சார்! உக்காந்து இஸ்து சுத்து!"

"கால நல்லா ஊணு சார்!" என்று இன்னொருவர். அப்புறம் யார் யாரோ. அந்த ஊருக்கு நாங்கள் வந்ததிலிருந்து அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. என் வேலை அதை அடக்குவது. நான் அடக்கவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நானும் கத்தினேன். அந்தக் காட்சி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கொலைகாரன் நொண்டிக்கொண்டு போகிறான். விமரிசனத்தில் ஒருவர் அதைப் புதுமை என்று பாராட்டி எழுதியிருந்தார்.

வாலாஜாபாத்தில் நாங்கள் தங்கியிருந்த ரைஸ்மில் வீட்டுக்கு வேனில் திரும்பும்போது இயக்குநர் காலிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "பிணமா நடிச்சவன் எழுந்து சிரிக்கணும்னு நம்மகிட்ட ஒரு வழக்கம் இருக்கு ராஜா. கொலைகாரனா நிக்க வெச்சவனுக்கு ஒண்ணுமே வெக்கலையே நாம." அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னையும் திட்டவில்லை. ஆனால் கதையின் முடிவை மாற்றினார். வேறோர் ஊரில் எடுக்க வைத்திருந்த, ஊர் நடுவில் கொலைகாரனை நிறுத்தும் காட்சியை நாங்கள் எடுக்கவே இல்லை. படத்தின் கடைசியில் அந்த அதிகாரி இறந்தவனின் மனைவியிடம் போய், "எனக்குத் தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். முதுகுக் காட்சி அவருடைய நினைப்பில் வருவதாக வைத்துக்கொண்டோம். விநியோகஸ்தர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். படம் ஓடவில்லை. ஓடியிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் இயக்குநர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அவரிடம் நான் ஒரு தரம்கூட நன்றி என்று சொன்னதில்லை. அப்போதெல்லாம் சொல்லத் தோன்றாது, திட்டு வாங்காமல் தப்பித்தோமே என்றுதான் இருக்கும். இப்போது சொல்கிறேன். ஒரு நாள் உழைப்பை, ஊர் பேர் தெரியாத ஒருவருக்காக, கண் இமைக்காமல் வெயிலில் கொட்டிய மனிதரிடம் நான் வேலை பார்த்தேன். அது என் பாக்கியம். பின்னால் நானே படம் எடுக்கப் போனபோது, எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலையாக நாலு பேரோடு உட்கார்ந்து, "இங்க என்னங்க நடந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவை இறக்குவேன். பச்சையம்மாள் மண்வெட்டியோடு வந்து கற்றுக்கொடுத்தது அது. அந்த அம்மாளுக்கும் என் கும்பிடு.

அந்த மாலையில் நடந்த கடைசித் துண்டு ஒன்று பாக்கி இருக்கிறது. வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன்.

வெளிச்சம் போய்விட்டது. சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இயக்குநர் கழற்றிக் கொடுத்த சட்டையை நான் மடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலையத் தொடங்கியது. ஏழுமலை கரைமேல் வைத்திருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டு பச்சையம்மாளைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"ஏயுமல."

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த அம்மாள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். ஏழுமலை திரும்பினார்.

"இன்னிக்கி மொற ஆருது?"

"ஒங்களுதும்மா."

"அப்ப இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? அங்க பயிரு காயுது. அந்த சினிமாக்காரன் திருப்புன திருப்புல ஒரு சொம்புத் தண்ணிகூட வரல. போயி தொற."

அவர் நடக்கவில்லை, ஓடினார். அந்தப் படிகளில் அவ்வளவு வேகமாக யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. திருகு கிறீச்சென்றது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு கால்வாயில். அவர் நிறுத்தவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தார். பச்சையம்மாள் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தார்.

"போதும் போதும். வரப்ப ஒடைச்சிட்டு, அதுக்கு வேற நாளைக்கி எங்கிட்ட பேச்சு வாங்கப்போற."